உமே காடி, இரண்டாவது வரி

ஒகுதானி
12 ஜூன் 1961

அன்புத் தம்பி ஷுன்சோவுக்கு அக்கா ஹிசாயே எழுதுவது.

மழை பிடித்து ஆறு நாளாகிறது. உமே மரத்துப் புளிப்புக் காய்க்கு இதுதான் பருவம் என்பதால் மழையைத் திட்ட வாய் வரவில்லை. நீயும் சுமியேயும் சளி, இருமல் இல்லாமல் இருக்கிறீர்களா? உன் அத்தானுக்கு இடுப்புவலி. ஏணியில் ஏறாதீர்கள் என்றால், "அப்ப காய் தானா எறங்கி வருமா?" என்று கேட்கிறார். அதனால் ஏணியை நான் ஒளித்து வைத்துவிட்டு, தேடுவதுபோல நானும் கூடத் தேடிக்கொண்டிருக்கிறேன்.

ஏப்ரலில் உன்னை வரி அலுவலகத்தின் மதுப் பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள் என்று எழுதியிருந்தாய். வீட்டில் திருட்டுத்தனமாக மது ஊறப்போடுகிறவர்களைப் பிடிக்கிற வேலையாமே! நல்லபடியாகச் செய். எங்கள் வீட்டில் ஊறுகாயையும் சமையல் காடியையும் தவிர வேறெதுவும் கிடையாது என்பது உனக்கே தெரியும்.

வழக்கம்போல ஒரு பாட்டில் உமே காடி அனுப்பியிருக்கிறேன். வழக்கம்போல லேபிளில் இரண்டாவது வரியும் உண்டு. சாப்பிட்டபின் சின்னக் கிண்ணத்தில் ஒன்று குடி, வயிற்றுக்கு நல்லது. ஒன்றுக்கு மேல் வேண்டாம்.

உடம்பைப் பார்த்துக்கொள்.
ஹிசாயே

•

ஹமாசே நகரம்
21 ஜூன் 1961

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே இருவரும் சுகம். அத்தானின் இடுப்புக்கு மருந்துப் பட்டை அனுப்புகிறேன். ஏணி பற்றி நான் ஒன்றும் படிக்கவில்லை.

பாட்டில் உடையாமல் வந்து சேர்ந்தது. அது காடி என்று லேபிள் சொல்வதால் நானும் அதை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் அந்த இரண்டாவது வரி? "படிக்கிற பையன் கையில் படாதபடி வைக்கவும்." எனக்கு இருபத்தெட்டு வயது, அக்கா. சுமியேயோடு கல்யாணம் ஆகிவிட்டது. மீசைகூட வைத்துப் பார்த்து எடுத்துவிட்டேன். வருஷா வருஷம் இந்தக் கேலி எதற்கு?

ஒரு உதவி வேண்டும். எங்கள் பிரிவுத் தலைவர் குராமோச்சி ஐயா ஓர் அறிக்கை தயாரிக்கச் சொல்லியிருக்கிறார். வீட்டில் பழ மது ஊறப்போடுவது குற்றம். ஆனால் ஊரில் ஊறப்போடாத வீடு இல்லை. சட்டத்தைத் தளர்த்தலாமா என்று மேலிடத்தில் பேச்சு அடிபடுகிறது. எந்தப் பழம், எந்தச் சாராயம், எவ்வளவு இனிப்பு என்று விவரம் சேர்க்க வேண்டும். அதிகாரி போய்க் கேட்டால் யாரும் வாய் திறப்பதில்லை. உனக்கு நேரடியாக ஒன்றும் தெரிந்திருக்க வழியில்லை என்பது எனக்குத் தெரியும். அக்கம்பக்கத்தில் காதில் விழுந்ததை எழுதினால் போதும்.

குராமோச்சி ஐயா கறாரான மனிதர். சிரித்து யாரும் பார்த்ததில்லை. அடுத்த மார்ச்சில் ஓய்வு பெறுகிறார். அதுவரை அவர் கண்ணில் தூசு விழாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

தம்பி
ஷுன்சோ

•

ஒகுதானி
4 ஜூலை 1961

தம்பி ஷுன்சோவுக்கு,

மழை விட்டது, வெயில் கொளுத்துகிறது. எல்லோரும் நலம். ஏணி கிடைத்துவிட்டது.

நீ கேட்டதைப் பக்கத்து வீட்டுக்காரி சொல்லக் கேட்டு எழுதுகிறேன். எந்தப் பக்கம் என்று கேட்காதே.

காய் பச்சையாக, கெட்டியாக இருக்க வேண்டும். கழுவி, துடைத்து, ஈரமே இல்லாமல் உலர்த்தி, காம்பின் அடியில் இருக்கும் கறுப்பு முனையை மூங்கில் குச்சியால் நெம்பி எடுக்க வேண்டும். அதை விட்டுவிட்டால் கசக்குமாம். ஜாடியில் ஒரு அடுக்கு காய், ஒரு அடுக்கு கற்கண்டு. தூள் சர்க்கரை போட்டால் ஒரேயடியாகக் கரைந்து காயைச் சுருக்கிவிடும். கற்கண்டு மெதுவாகக் கரையக் கரையத்தான் காய் தன் சாற்றை விடும். பிறகு சாராயம். ஒரு வருஷம் பொறுத்தால் குடிக்கலாம். மூன்று வருஷம் பொறுத்தால் நன்றாக இருக்கும். அதற்குமேல் பொறுப்பவர்கள் எங்கள் ஊரில் குறைவு.

மரத்திலேயே பழுத்து விழுந்ததைப் போட்டால் மணம் தூக்கும், ஆனால் கலங்கிப்போகும். அதுதான் பிடிக்கும் என்று ஒரு வீட்டில் சதையைக் கரைத்தே குடிக்கிறார்கள். ஊரிலிருந்து தெற்குத் தீவுக்கு வாழ்க்கைப்பட்ட ஒருத்தி கற்கண்டுக்குப் பதில் கருப்பட்டி போலிருக்கும் கரும்புச் சர்க்கரையைப் போடுகிறாள், கறுத்துப்போய் கஷாயம் மாதிரி இருக்கும். தொண்டைக்குச் சீமை மாதுளை. களைப்புக்கு லோகாட் பழம், விதையோடு. யமாமோமோ என்று காட்டில் கிடைக்கும் சிவப்புப் பழம் போட்டால் நிறத்துக்காகவே குடிக்கலாம். பூசாரி வீட்டில் யூசு எலுமிச்சை. குளிருக்கு என்கிறார்கள், கோடையிலும் குடிக்கிறார்கள்.

எதிர்வீட்டு ஓமாத்சு மட்டும் சிக்கனம் பார்த்து நீர்த்த சாராயத்தை ஊற்றினாள். மூன்றாம் வாரம் உள்ளே பொங்கி, மூடி பறந்து கூரையில் அடித்து, மாமியார் நிலநடுக்கம் என்று வெளியே ஓடிவந்தாள். சாராயம் கடுமையானதாக இருக்க வேண்டும் என்று உன் அறிக்கையில் கட்டாயம் எழுது.

சுமியேக்கு என் அன்பு.
ஹிசாயே

•

ஹமாசே
29 ஜூலை 1961

அக்காவுக்கு,

வெயில் வாட்டுகிறது. சுமியே எடை குறைந்திருக்கிறாள், மற்றபடி சுகம்.

உன் கடிதத்தைப் பெயர்களை நீக்கிப் படியெடுத்துக் கொடுத்தேன். குராமோச்சி ஐயா இரண்டு முறை படித்தார். "யாருப்பா இந்தப் பக்கத்து வீட்டுக்காரி? ஊர்ல ஒரு ஜாடி பாக்கியில்லாம எட்டிப் பாத்திருக்காளே!" என்றார். சிரிக்கவில்லை. ஆனால் தாளை மடித்துத் தன் பையிலேயே வைத்துக்கொண்டார்.

நூலகத்தில் இருநூற்று அறுபது வருஷத்துக்கு முந்தைய உணவுப் புத்தகம் ஒன்று பார்த்தேன். அதிலேயே உமே மது இருக்கிறது! காயை வைக்கோல் சாம்பல் நீரில் ஓர் இரவு ஊறவைத்து, காகிதத்தால் துடைத்து, பழைய அரிசி மதுவில் வெள்ளைச் சர்க்கரையோடு போடச் சொல்கிறது. சளியைக் கரைக்கும், பசியைத் தூண்டும் என்கிறது. அந்தக் காலத்தில் சர்க்கரை மருந்துக்கடைச் சரக்கு, பெரிய வீடுகளுக்குத்தான் கட்டுப்படியாகும். சர்க்கரை நம் ஊர் வீடுகளுக்கு வந்து, ஓமாத்சு அக்கா கூரைக்கு மூடி விடுவதற்கு இவ்வளவு வருஷம் ஆகியிருக்கிறது.

செப்டம்பரில் ஒரு ஞாயிறு மதியம் ஐயாவைச் சாப்பிட அழைத்திருக்கிறேன். கல்யாணத்துக்கு வாழ்த்தியவரை அழைக்காமல் இருப்பது முறையில்லை. சுமியே இப்போதே கைகளைப் பிசைகிறாள்.

ஷுன்சோ

•

ஹமாசே
12 செப்டம்பர் 1961

மதிப்புக்குரிய அண்ணிக்கு,

சுமியே வணங்கி எழுதுவது. இலையுதிர்காலக் காற்று வந்துவிட்டது. நீங்களும் அண்ணனும் நலம் என நம்புகிறேன். நாங்கள் நலமில்லை. உங்கள் தம்பி இரண்டு நாளாக என்னிடம் மட்டுமல்ல, சுவரிடமும் பேசவில்லை. அதனால் நான் எழுதுகிறேன். தவறும் என்னுடையதுதான்.

ஞாயிற்றுக்கிழமை குராமோச்சி ஐயா வந்தார். காடி கலந்த சோறு செய்து மேலே மீனும் முட்டையும் பரப்பலாம் என்று நினைத்தேன். அடுப்படியில் காடி தீர்ந்திருந்தது. அலமாரியில் உங்கள் பாட்டில் இருந்தது. "உமே காடி" என்று கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது. அவர் தினமும் சாப்பிட்டதும் ஒரு சின்னக் கிண்ணம் குடிப்பார். என்னவென்று கேட்டால், "லேபிள்ல போட்டிருக்கே" என்பார். முகர்ந்தேன். இனிப்பாக இருந்தது. உங்கள் பக்கத்துக் காடி அப்படித்தான் போல என்று நினைத்துச் சர்க்கரை சேர்க்காமல், தாராளமாக ஊற்றிக் கிளறிவிட்டேன்.

ஐயா ஒரு வாய் வைத்தார். மென்றார். நிறுத்தினார். உங்கள் தம்பி ஒரு வாய் வைத்து வெளுத்துப்போனார். ஐயா கிண்ணம் முழுவதையும் காலி செய்துவிட்டு, "இன்னும் கொஞ்சம் போடும்மா" என்றார். இரண்டாவது கிண்ணம் முடிந்ததும், "அந்தக் காடி பாட்டிலக் கொஞ்சம் காட்டுறியா?" என்று கேட்டார். நான் பெருமையாக எடுத்துக்கொண்டு போனேன், அண்ணி. பெருமையாக!

அவர் கண்ணாடியைக் கழற்றி லேபிளை வெகுநேரம் பார்த்தார். "இத எழுதுனது யாரு?" என்றார். "அக்கா" என்று உங்கள் தம்பி சொன்னது எனக்கே கேட்கவில்லை. "நான் எடுத்துட்டுப் போறேன்" என்று பாட்டிலைத் துணியில் முடிந்துகொண்டு போய்விட்டார்.

மதுப் பிரிவில் வேலை பார்ப்பவர் வீட்டிலேயே ஊறல் இருந்தால் வேலை போகுமாம். உங்கள் மேல் வழக்கும் வருமாம். எல்லாவற்றையும் அன்று மாலைதான் எனக்குச் சொன்னார். முன்பே சொல்லியிருந்தால் கடைக்குப் போய்க் காடி வாங்கியிருப்பேன்.

மன்னிக்க வேண்டும்.
சுமியே

•

ஒகுதானி
18 செப்டம்பர் 1961

ஷுன்சோவுக்கு,

எல்லோரும் சுகம். நலம் விசாரிப்பதை இத்தோடு முடித்துக்கொள்கிறேன்.

முதலில், சுமியேயிடம் பேசு. லேபிளை நம்பியவள் மேல் என்ன குற்றம்? பொய் எழுதியவள் நான். அதைப் பெண்டாட்டியிடம்கூடக் காப்பாற்றியவன் நீ.

இரண்டாவது, ஜாடிகள் என்னுடையவை. யாராவது வருவதாக இருந்தால் இங்கே வரட்டும். என் தம்பிக்கு ஒன்றும் தெரியாது என்று எழுதி, கையெழுத்துப் போட்டுத் தருகிறேன்.

மூன்றாவது, எனக்கு ஒரு விவரம் வேண்டும். குராமோச்சி ஐயா எந்தக் கையால் எழுதுவார்? ஏன் என்று கேட்காமல் பதில் போடு.

ஹிசாயே

•

ஒகுதானி
16 அக்டோபர் 1961

தம்பிக்கு,

ஒரு மாதமாகிறது. தபால்காரன் வீட்டைத் தாண்டிப் போகும்போதெல்லாம் கையை விரித்துக் காட்டிவிட்டுப் போகிறான். இன்னும் வேலையில் இருக்கிறாயா, சாப்பிடுகிறாயா என்று ஒரு வரி போடக் கூடாதா?

விஷயம் ஊரில் எப்படியோ கசிந்துவிட்டது. ஓமாத்சு தன் ஜாடிகளை வைக்கோல் போருக்குள் தள்ளிவிட்டாள். உன் அத்தான், "எல்லாத்தயும் ஓடையில ஊத்திடு, அவன் வேலய விடவா இது பெருசு?" என்றார். சரி என்று ஐந்து ஜாடியை ஊற்றிவிட்டேன். ஓடைக்கரை முழுக்க மணம். வாத்துகள் அன்று நேராக நடக்கவில்லை.

ஆறாவது ஜாடியை ஊற்றவில்லை. ஊறுகாய்த் தொட்டிக்குப் பின்னால் இருக்கிற அந்தப் பழைய பீங்கான் ஜாடி. தூக்கிக்கொண்டு ஓடைவரை போனேன், திரும்பிவிட்டேன். எனக்கு மனம் வரவில்லை, ஷுன். காரணத்தை இப்போது எழுத முடியாது.

எந்தக் கை என்று மட்டுமாவது சொல்.

அக்கா

•

ஹமாசே
3 நவம்பர் 1961

அன்புள்ள அக்கா,

உன்னைக் காக்கவைத்ததற்கு மன்னித்துவிடு. கையில் முடிவு எதுவும் இல்லாமல் உனக்கு எழுத எனக்குத் துணிவு வரவில்லை. சுமியேயும் நானும் நலம். பேசிக்கொள்கிறோம். அவள்தான் அதிகம் பேசுகிறாள், எனக்கு அது வேண்டியதுதான்.

அந்த ஞாயிறுக்கு மறுநாளே ராஜினாமாக் கடிதம் எழுதிக் குராமோச்சி ஐயாவிடம் கொடுத்தேன். படிக்காமல் மேசை இழுப்பறைக்குள் போட்டார். "பாக்கலாம்" என்றார். தினமும் போனேன். தினமும் "பாக்கலாம்". வழக்குப் பதிவு செய்கிறாரா, மேலிடத்துக்கு எழுதுகிறாரா, ஒன்றும் புரியவில்லை. என்னை வேலையிலும் வைத்துக்கொண்டு, அறிக்கையையும் எழுத வைத்தார். அந்த ஏழு வாரமும் எனக்குச் சோறு இறங்கவில்லை.

நேற்று அறிக்கையின் கடைசிப் பக்கத்தைக் கொடுத்தேன். கையெழுத்துப் போட்டார். இடது கையால், அக்கா. நீ கேட்டதற்குப் பதில். பிறகு இழுப்பறையைத் திறந்து என் ராஜினாமாவை எடுத்து நான்காகக் கிழித்தார்.

"ஏன் ஐயா?" என்றேன்.

"உங்க அக்கா வீட்டுல படிக்கிற பையன் ஒருத்தன் இருந்தான். முடிச்சானா, பாதியில விட்டானான்னு பதினாலு வருஷமா எனக்கு ஒரு யோசன. முடிச்சுட்டான் போல" என்று சொல்லிவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். அலுவலகமே திரும்பிப் பார்த்தது.

"என்ன ஐயா சொல்றீங்க?" என்று கேட்டேன். "அவங்களயே கேளு. இத்தன வருஷம் அவங்க வாயத் தொறக்கல. நான் முந்திக்கிட்டா மரியாதயா இருக்காது" என்றார்.

அக்கா, கேட்கிறேன். சொல்.

ஷுன்சோ

•

ஒகுதானி
10 நவம்பர் 1961

என் தம்பிக்கு,

இடது கை என்று படித்ததும் அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன். உன் அத்தான் என்னமோ ஏதோ என்று ஓடிவந்தார். இது நல்ல அழுகை என்றேன். "அப்டின்னா சோறு எத்தன மணிக்கு?" என்றார். எல்லோரும் நலம்.

1947, அக்டோபர். அத்தான் போரிலிருந்து திரும்பவில்லை, இருக்கிறாரா என்றும் தெரியாது. அப்பா, அம்மா போய் இரண்டு வருஷம். உனக்குப் பதினாலு வயது, நகரப் பள்ளியில் இடம் கிடைத்திருந்தது. என்னிடம் உமே மரங்கள் மட்டும் இருந்தன. அந்த வருஷம் ஜூனிலேயே கல்யாணத்துப் பட்டுக் கிமோனோவைத் துறைமுகத்தில் கொடுத்துச் சர்க்கரையும் சாராயமும் வாங்கினேன். மூன்று ஜாடி ஊறப்போட்டேன். அதை அரிசிக்கும் உன் படிப்புக்கும் மாற்றிக்கொள்ளத் திட்டம்.

நீ பள்ளிக்குப் போயிருந்த நேரத்தில் இரண்டு வரி அதிகாரிகள் வந்தார்கள். ஒருவர் பக்கத்து வீட்டுக்குப் போனார். மற்றவர் நேராக ஊறுகாய் அறைக்குள் நுழைந்து மூடியைத் திறந்தார். மணம் வீடெல்லாம் நிறைந்தது. அபராதம் என்றால் விற்க மரம்தான் இருக்கிறது. மரம் போனால் உன் பள்ளி போயிற்று.

அவர் மேசையில் இருந்த உன் புத்தகங்களைப் பார்த்தார். "யாரு படிக்கிறது?" என்றார். "தம்பி" என்றேன். "நல்லாப் படிப்பானா?" என்றார். "கணக்குல மட்டும் கொஞ்சம் மந்தம்" என்றேன். அந்த நேரத்தில் அப்படி ஏன் சொன்னேன் என்று இன்றுவரை தெரியவில்லை.

விரலை நனைத்து நாக்கில் வைத்தார். கண்ணை மூடிக்கொண்டார். "நல்ல காடிம்மா" என்றார். எனக்குப் புரியவில்லை. மறுபடி, "இது காடிதானே?" என்று அழுத்திக் கேட்டார். தலையை ஆட்டினேன். காகிதம் கேட்டு வாங்கி, இடது கையால் எழுதி, ஜாடியில் தன் கையாலேயே ஒட்டினார். உமே காடி. படிக்கிற பையன் கையில் படாதபடி வைக்கவும். வெளியே போய், "இங்க காடிதான் இருக்கு, வா போலாம்" என்று மற்றவரைக் கூப்பிட்டது எனக்குக் கேட்டது.

பெயர் கேட்கவில்லை. நன்றிகூடச் சொல்லவில்லை. பிறகு நீ வரி அலுவலகத் தேர்வு எழுதுகிறேன் என்றபோது சொல்ல வாயெடுத்தேன். சொன்னால் நீ அவரைத் தேடிப் போய் எல்லோர் முன்னாலும் குனிந்து நன்றி சொல்வாய், அவர் வேலை போகும். அதனால் வாயை மூடிக்கொண்டேன். வருஷத்துக்கு ஒருமுறை அந்த இரண்டு வரியையும் எழுதி உனக்கு அனுப்புவதுதான் நான் அவருக்குப் போட்ட கும்பிடு. கேலி இல்லை, தம்பி.

இரண்டு ஜாடி உன் படிப்புக்குப் போயிற்று. மூன்றாவதுதான் நான் ஓடையில் ஊற்றாத ஜாடி. அவர் கையெழுத்து அதில் இன்னும் இருக்கிறது.

அக்கா

•

ஹமாசே
8 மே 1962

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம். சுமியே நன்றாகத் தேறியிருக்கிறாள்.

சட்டம் மாறிவிட்டது. இனி வீட்டில் உமே மது ஊறப்போடலாம், விற்கக் கூடாது. சாராயம் கடுமையானதாக இருக்க வேண்டும் என்று ஒரு விதி. அதில் ஓமாத்சு அக்காவின் மூடிக்குப் பங்கு உண்டு என்று நானாக நினைத்துக்கொள்கிறேன். வைக்கோல் போரிலிருந்து ஜாடிகளை எடுத்துவிடச் சொல்.

குராமோச்சி ஐயா மார்ச்சில் ஓய்வு பெற்றார். இனி அவருக்கு நன்றி சொன்னால் யாருக்கும் கெடுதல் இல்லை. உன் கடிதத்தை எத்தனை முறை படித்தேன் என்று எண்ணவில்லை, எனக்குத்தான் கணக்கு மந்தமாயிற்றே. நீ எனக்குக் கொடுத்ததற்கு என்னிடம் சொல் இல்லை, அக்கா. அவருக்குக் கொடுக்க ஒரு பாட்டில் அனுப்பு, நானே கொண்டுபோகிறேன்.

ஷுன்சோ

•

ஒகுதானி
20 ஜூன் 1962

தம்பிக்கு,

மழை. எல்லோரும் நலம். இந்த வருஷம் ஊரே வாசலில் உட்கார்ந்து, ஒளிவுமறைவில்லாமல் காம்பு நெம்புகிறது. கடையில் கற்கண்டு தீர்ந்துவிட்டது.

பழைய ஜாடியைத் திறந்தேன். பதினைந்து வருஷம். கறுந்தேன் நிறம். ஒரு பாட்டில் நிரப்பிப் புது லேபிள் ஒட்டியிருக்கிறேன். அது அவருக்கு எழுதியது, வழியில் பிரித்துப் படிக்காதே.

ஹிசாயே

•

ஹமாசே
2 ஜூலை 1962

அன்புள்ள அக்காவுக்கு,

நேற்று மதியம் நானும் சுமியேயும் குராமோச்சி ஐயா வீட்டுக்குப் போய்வந்தோம். அவர் சுகம். தோட்டத்தில் கத்தரிக்காய் போட்டிருக்கிறார். "அக்கா எப்டி இருக்காங்க, மரமெல்லாம் நல்லா காய்க்குதா?" என்றுதான் முதலில் கேட்டார். நான் வாசலிலேயே தரையில் தலை படக் குனிந்தேன். "எந்திரிப்பா, கத்தரிச் செடிய மிதிக்கிற" என்றார்.

பாட்டிலைக் கொடுத்தேன். துணியை அவிழ்த்தார், கண்ணாடியைக் கழற்றினார். உன் லேபிளைச் சத்தமாகப் படித்தார்.

"உமே மது, 1947. படித்து முடித்த பையன் கையில் கொடுத்தனுப்பியது."

சுமியே மூன்று கிண்ணம் எடுத்துவந்து ஊற்றினாள். அவர் விரலை நனைத்து நாக்கில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டார். கன்னத்தில் நீர் இறங்கியது.

"நல்ல காடி" என்றார்.

இன்னொரு கிண்ணமும் கேட்டு வாங்கிக் குடித்தார். மழை விட்டதும் வா அக்கா, அவர் உன்னைப் பார்க்க வேண்டும் என்கிறார்.

உன் தம்பி
ஷுன்சோ